அப்பாவின் மொறிஸ் மைனரை என்ன செய்வது?

மட்டக்களப்பின் ஆரையம்பதியில், வாவிப் பக்கமாக எங்கள் வளவுக் கொட்டிலில் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் ஒன்று நிற்கிறது. கூரையின் பின்பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளியில் தென்னை முறிந்து விழுந்த அடையாளம் அது. நிமிர்த்தித் தருகிறேன் என்று வந்த டிங்கர் வேலைக்காரர்களை எல்லாம் அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். "கிடக்கட்டும். சூறாவளியைக் காணாதவனுக்குக் காட்ட வேற என்ன இருக்கு?" என்பார்.

2022இல், பெற்றோல் வரிசை நீண்டுகொண்டே போன நாட்களில், காரை நிறுத்தினார். வரிசை முடிந்தபோது காரை எடுக்க அவர் இருக்கவில்லை.

அப்போதிருந்து ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கொட்டிலுக்குள் அரை மணித்தியாலம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு விலை சொல்லிவிட்டுப் போனார். லண்டனில் இருக்கும் தம்பி, ஓர் ஆணிகூட மாறாமல் பழையபடி செய், காசு அனுப்புகிறேன் என்கிறான். கலியாண ஹயர் ஓடும் கூட்டாளி, "டற்சன் சன்னி எஞ்சினைப் போடு மச்சான், மாசத்தில நாலு கலியாணம் பிடிக்கலாம்" என்கிறான். கல்முனையில் ஹைபிரிட் பற்றரி வேலை செய்யும் மருமகன், அக்காவின் மகன், "கரண்டுக்கு மாத்துவம் மாமா" என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நான் இத்தனை நாளும் எடுத்துவந்த முடிவு ஐந்தாவது: ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவது. அதற்கும் செலவு உண்டு. ஒவ்வொரு மாரி முடியும்போதும் கொட்டில் நிலத்தில் கொஞ்சம் செந்தூள் கூடுதலாகக் கிடக்கிறது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்படி நிற்கும் கார் இது ஒன்றுதான் என்றில்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், பியூஜோ 404, வொக்ஸ்வாகன், வயலோரத்தில் சாக்கு மூடி விட்ட லான்ட்ரோவர் என்று ஊருக்கு ஊர் உண்டு. வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போக, பிள்ளைகள் கையில் திறப்பு மட்டும் வந்து சேர்கிறது. அவர்களுக்கும் பயன்படலாம் என்றுதான் என் கணக்கை இங்கே விரித்து வைக்கிறேன்.

விற்பதைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடலாம். பழைய கார்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர முடியாது. இறக்குமதிக்கு வயதெல்லை உண்டு. ஆகவே நாட்டுக்குள் இருக்கிற மைனர்கள் குறையுமே தவிரக் கூடாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருடத்தில் சில்லுள்ள எல்லாவற்றுக்கும் விலை ஏறியது. கொழும்புக்காரர் சொன்ன தொகை, ஓடுகிற நிலையில் உள்ள ஒரு பழைய முச்சக்கர வண்டி வாங்கி மிச்சமும் பிடிக்கக் காணும். பிள்ளையின் படிப்புக்கோ மருத்துவச் செலவுக்கோ காசு வேண்டிய வீடென்றால் விற்றுவிடுங்கள், மனம் உளையத் தேவையில்லை. கொழும்பில் அதற்கு நல்ல கூரை கிடைக்கும், உப்புக் காற்றும் குறைவு, பழைய கார்ச் சங்கங்களும் அங்கேதான் இருக்கின்றன.

ஒன்று மட்டும் எனக்குச் சிரிப்பாக இருந்தது. வந்தவர் முதலில் தடவிப் பார்த்தது எஞ்சினை இல்லை, இலக்கத் தகட்டை. அதில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருக்கிறது. அந்த எழுத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சி 1958இல் இயக்கம் நடத்தி, தகடுகளில் தமிழ் ஸ்ரீ எழுதிக்கொண்டு ஓடியது. அதற்காக ஆட்கள் சிறைக்கும் போனார்கள். இன்று அதே எழுத்து இருந்தால் காருக்கு விலை கூட என்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் இந்தப் பேரத்தை எப்படிக் கேட்டிருப்பாரோ தெரியாது.

எங்களுக்கு இப்போது அப்படிப்பட்ட முடை இல்லை. அதனால் விற்பனை கடைசித் தெரிவாகப் போய்விட்டது.

அடுத்தது தம்பியின் யோசனை. பழைய கார் என்றால் என்ன என்பதற்கு உலகத்தில் ஓர் இலக்கணம் வைத்திருக்கிறார்கள். 1966இல் தொடங்கிய ஃபிவா என்ற சர்வதேச அமைப்பு, குறைந்தது 30 வயதாகியிருக்க வேண்டும், செய்யப்பட்ட காலத்து நிலையில் பேணப்பட்டிருக்க வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்கு ஓடாததாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. தம்பி இருக்கும் நாட்டில் 40 வருடம் கடந்த கார்களுக்கு வீதி வரி இல்லை. பெரிய மாற்றம் செய்யாதவற்றுக்கு 2018 மே மாதத்திலிருந்து வருடாந்தச் சோதனையும் கட்டாயமில்லை. ஞாயிற்றுக்கிழமை எடுத்து, பக்கத்து ஊருக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். அவன் கண்ணுக்குள் நிற்பது அந்தப் படம்.

சாமான் கிடைக்குமா என்று கேட்டால், மைனரைப் பொறுத்தவரை கிடைக்கும். அலெக் இசிகோனிஸ் வரைந்த கார் இது. பிறகு மினியையும் அவர்தான் வரைந்தார். 1948இலிருந்து 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் இதுதான். அதிலுள்ள ஏ-சீரிஸ் எஞ்சின் மினியில் 2000ஆம் ஆண்டு வரை ஓடியது. அதனால் வாஷர், கஸ்கற், பெயரிங் என்று எதைக் கேட்டாலும் இங்கிலாந்தில் இன்றும் புதிதாக வாங்கலாம். கொழும்பின் பழைய சாமான் சந்தையான பஞ்சிகாவத்தையில் துருவித் தேடினாலும் பாதி அகப்படும். இன்னொன்று நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வேர் என்பவர் நடத்திய மொறிஸ் மைனர் நிலையத்துக்கு 1990களில் இலங்கையிலிருந்துதான் உடற்தகடுகள் செய்து அனுப்பினார்கள். இங்கே சுத்தியலால் தட்டி உருவாக்கிய மட்கார்டுகள் இங்கிலாந்தில் ஓடுகின்றன.

ஆகவே சிக்கல் சாமானில் இல்லை, துருவில் இருக்கிறது. காத்தான்குடியிலிருந்து எங்கள் மெக்கானிக் காக்காவைக் கூட்டிவந்தேன் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்றுதான் கூப்பிடுவோம்). 68 வயது. சின்ன வயதில் அவர் கழற்றிப் பழகிய முதல் எஞ்சின்களில் எங்கள் காரின் எஞ்சினும் ஒன்று. அவர் பொனற்றைத் திறக்கவே இல்லை. சாக்கை விரித்துக் கீழே படுத்து, ஸ்குறூ ட்றைவரின் பிடிப்பக்கத்தால் கதவுக்குக் கீழேயுள்ள பெட்டித் தகட்டை ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டு போனார். முன்பக்கம் 'டங், டங்' என்றது. நடுவுக்கு வரும்போது சத்தம் செத்து 'டொக்' என்றது. அந்த இடத்தில் ட்றைவரைத் திருப்பி நுனியை வைத்து அழுத்தினார். பழுத்த பப்பாசிக்குள் போவதுபோல் உள்ளே போனது.

"தம்பி, இது பெயின்ற் பிடிச்சிக்கிட்டு நிக்கிற இடம். இரும்பு இல்ல."

மைனருக்கு லொறிபோலத் தனிச் சட்டம் கிடையாது, உடல்தான் சட்டம். கதவுக்குக் கீழேயுள்ள பெட்டியும், எஞ்சினைத் தாங்கும் இரண்டு கால்களும், பின் ஸ்பிறிங் கொழுவும் இடமும் போனால் கார் போனது. பொலிஷ் அடித்து மினுக்கிய எத்தனையோ கார்கள் இந்த நாலு இடத்திலும் வெறும் பூச்சாக நிற்கின்றன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் எழுவான்கரையில் இது இன்னும் மோசம். அம்பாறை நகர்ப் பக்கமோ வாவிக்கு மேற்கே படுவான்கரை உள்ளூர்களிலோ நின்ற கார் என்றால் கொஞ்சம் தப்பியிருக்கும். பழைய கார் வாங்க நினைக்கிறவர்கள் எந்த ஊரில் நின்றது என்று முதலில் விசாரியுங்கள், மைல் கணக்கைப் பிறகு பார்க்கலாம்.

தம்பி சொல்வதுபோல் முழுக்கப் புதுப்பித்தால் செலவில் பெரும்பங்கு வெல்டிங்குக்கும் தகட்டுக்கும் போகும், எஞ்சினுக்கு இல்லை. அது முடிந்து பெயின்ற் காய்ந்த அன்றைக்கே உப்புக் காற்று தன் வேலையைத் தொடங்கிவிடும். அத்தனை காசு கொட்டிய காரை மழையில் எடுக்க எனக்கு மனம் வராது. காட்சிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். ஆக, கொட்டிலில் துருப்பிடித்து நின்ற கார் கொட்டிலில் மினுங்கி நிற்கும்.

இனி சன்னி எஞ்சின். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நான் சுளிக்கமாட்டேன். அமெரிக்காவில் ஹொட் றொட் என்று இன்று கண்ணாடி மண்டபத்தில் வைத்துக் கொண்டாடுவது எப்படித் தொடங்கியது? 1930களில் கலிபோர்னியாவில் கையில் காசில்லாத பொடியன்கள் ஃபோர்ட்டின் பழைய மொடல் டி கார்களை மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து பாரத்தைக் குறைத்து, வேறு எஞ்சினைத் தூக்கி வைத்து, காய்ந்த ஏரிப் படுக்கைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்ட் சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் வி-8 எஞ்சினைத் தந்ததும் அது இன்னும் சூடுபிடித்தது. உலக யுத்தம் முடிந்து இராணுவத்தில் மெக்கானிக் வேலை பழகிய பையன்கள் திரும்பி வந்தார்கள். வீதியில் பந்தயம் ஓடிக் கெட்ட பெயர் எடுத்தபோது, ஒழுங்கான ஓடுபாதைக்குக் கொண்டுபோக 1951இல் ஒரு சங்கமே அமைத்தார்கள். கிடைத்ததை வைத்துச் செய்த வேலை அது.

அந்தக் கணக்கில் நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லாரும் ஹொட் றொட்காரர்கள்தான், பெயர் மட்டும் தெரியாது. வயலுக்குள் ஓடும் லான்ட்ரோவரில் இசுசு டீசல் எஞ்சின் கிடப்பதை இங்கே யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. இந்தியாவில் அம்பாசடரைச் செய்த கம்பனியே அதைத்தான் செய்தது. மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் உடலுக்குள் 1990களில் 1.8 லீற்றர் இசுசு எஞ்சினை வைத்து, 2014இல் மூடும்வரை ஓட்டினார்கள்.

கணக்காகவும் கூட்டாளி சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் காரின் 948 சீசீ எஞ்சினுக்கு 37 குதிரை வலு. டற்சன் சன்னியின் 1,171 சீசீ எஞ்சின் 68 என்று விற்கப்பட்டது. அளவுமுறை கொஞ்சம் வேறு, ஆனாலும் வித்தியாசத்தைக் காலே சொல்லும். கலியாண ஊர்வலத்தில் நடை வேகத்துக்குக் காரை ஊர்ந்து ஓட்ட வேண்டும், அதுவும் பகல் பன்னிரண்டு மணி வெயிலில். பழைய றேடியேற்றர் அங்கேதான் கொதித்து மானத்தை வாங்கும். மாப்பிள்ளையை இறக்கிவிட்டுக் கார் தள்ளிய கதை எங்கள் ஊரிலேயே இருக்கிறது.

ஆனால் இரண்டு விஷயம். முதலாவது புத்தகம். வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிய வேண்டும். பதியாமல் ஓடுகிறவர்கள் நிறைய. ஒரு விபத்து நடந்து காப்புறுதிக்காரர் வந்து பார்க்கும்வரை பிரச்சினை இல்லை. கழற்றிய எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் பிறகு திரும்பிப் போக வழியும் கிடையாது.

இரண்டாவது நிறுத்துவது. மைனருக்கு நாலு சில்லிலும் ட்றம் பிறேக். அது 37 குதிரைக்குக் கணக்குப் பார்த்து வைத்தது. அதோடு முன் சில்லைத் தாங்கும் திருகு மூட்டுக்குக் கிரீஸ் போட மறந்தால் திருகு தேய்ந்து, ஒருநாள் வளைவில் சில்லு உள்பக்கமாக மடிந்து கார் மண்டியிடும். மைனர் வைத்திருக்கும் எல்லாரும் அஞ்சும் நோய் இது. சில வருடத்துக்கு முன் எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு கராச்சில் கொடுத்து ஜப்பான் எஞ்சின் போட்டார். எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. முன்பக்கத்தை யாரும் தொடவில்லை. கல்லடிப் பாலத்திலிருந்து இறங்கும்போது முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது, இவர் நிற்கவில்லை. ஆளுக்கு ஒன்றுமில்லை, காரின் மூக்கு போனது. காக்கா இதைச் சொல்லிவிட்டு, "எஞ்சின மாத்த ஒரு கிழம வேணும் தம்பி. பிறேக்க மாத்தாம வுட்டதுக்குப் பலன் கிடைக்க ஒரு நிமிசம் போதும்" என்றார்.

என் தீர்ப்பு இது. பழைய எஞ்சின் வெடித்தோ தொலைந்தோ போன காருக்கு ஜப்பான் எஞ்சின் போடுவது நல்ல வேலை. முன்பக்கம் டிஸ்க் பிறேக்கும் சேர்த்துப் போட்டு, புத்தகத்தையும் திருத்திக்கொண்டால். நல்ல எஞ்சின் உள்ள காருக்கு அது தேவையில்லாத வேலை. எங்கள் எஞ்சினை ஹான்டிலால் சுற்றிப் பார்த்தோம். நாலாவது சிலிண்டரில் மட்டும் அழுத்தம் கொஞ்சம் குறைவு, மற்றபடி இறுக்கமாக இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அது கொஞ்சம் நம் நாட்டுக்கே உரியது. யுத்தத்தில் வடக்குக்குப் பெற்றோல் போகாத வருடங்களில் ஒஸ்ரினும் மொறிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கக்கும், நாறும், ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கம்பியூட்டர் வைத்த எஞ்சின் அந்த வேலைக்கு உடன்படாது. இந்த நாட்டில் இனி அப்படி ஒரு காலம் வராது என்று உறுதியாகச் சொல்ல நான் தயாரில்லை. 2022இல் கியூஆர் அட்டைக்குக் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் தந்தார்களே, மறந்துவிடவில்லை.

அதே காரணத்தைத்தான் மருமகன் என் மேலேயே திருப்பி விடுகிறான். "பெற்றோலே இல்லாட்டி உங்கட கார்பரேற்றர என்ன செய்ற மாமா?"

அவன் பேச்சைத் தட்டிக்கழிக்க எனக்கு முடியவில்லை. அவனுடைய வேலையைப் போய்ப் பார்த்திருக்கிறேன். பிரியஸ் ஹைபிரிட் காரின் பற்றரியை மேசையில் பிரித்துப் பரப்பி, அதற்குள் இருக்கும் 28 மொடியூலையும், அதாவது சின்னப் பற்றரித் துண்டுகளையும், வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக அளந்து, களைத்துப்போனதைப் பொறுக்கி ஓரமாக வைப்பான். கிழவிமார் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் இருக்கும். மின்சாரம் ஏதோ வெளிநாட்டு வித்தை, இங்கே யார் பார்ப்பார் என்று சொல்கிறவர்கள் கல்முனைப் பக்கம் போய்வர வேண்டும். லூக்காஸ் டைனமோ பார்க்கத் தெரிந்த கைக்கு 68 வயது. லிதியம் பார்க்கத் தெரிந்த கைக்கு 24 வயது. காக்காவின் மகன் கட்டாரில் இருக்கிறான், வாப்பாவின் தொழிலுக்கு வரமாட்டான்.

மருமகனின் திட்டம் என்னவென்றால், 2015ஐ ஒட்டி நாட்டுக்குள் நிறைய வந்து இறங்கிய நிசான் லீஃப் மின்சாரக் கார்களில் ஒன்றின் பற்றரியில் பாதியை எடுப்பது. அதில் மொத்தம் 48 மொடியூல், புதிதாக இருக்கும்போது 24 கிலோவற் மணி. பாதி என்றால் 12. மைனர் கிட்டத்தட்ட 775 கிலோதான், அதனால் பெரிய மோட்டார் வேண்டாம். பழைய கியர்ப் பெட்டியை அப்படியே விட்டு அதன் வாயில் மோட்டாரைப் பொருத்தலாம். கழற்றும் எஞ்சின் ஒரு மூலையில் எண்ணெய் பூசிக் கிடக்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஓட்டைகளும் இருக்கின்றன. லீஃபின் பற்றரிக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கிடையாது. வெப்ப நாட்டில் அது வேகமாகக் களைத்துப்போகும். அதை நேரில் பார்த்தே தொழில் நடத்துகிறவன் அவன். களைத்த பற்றரியில் பாதியை வைத்துக் கணக்குப் போட்டால் 50, 60 கிலோமீற்றர். எங்கள் வீட்டிலிருந்து கல்முனைக்குப் போகலாம், திரும்பி வர அவன் கடையில் சார்ஜ் போட வேண்டும். பெற்றோல் வரிசை நின்ற அதே 2022இல், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஆகவே நெருக்கடி வந்தால் இரண்டும் சேர்ந்துதான் படுக்கும். சட்டத்தில் எரிபொருள் வகையை மாற்றுவது எஞ்சின் மாற்றுவதை விடப் பெரிய காரியம். முச்சக்கர வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றும் முயற்சிகள் நாட்டில் தொடங்கியிருக்கின்றன, ஆனால் 1959 மொறிஸை எடுத்துக்கொண்டு அலுவலகப் படியேறும் முதல் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. ஃபிவாவும் மின்சாரமாக்கிய காரைப் பழைய கார் என்று ஏற்பதில்லை. அப்படிச் செய்தே ஆகவேண்டுமென்றால் பிறகு பழையபடி ஆக்கக்கூடியதாகச் செய், கழற்றிய சாமானை எறியாதே என்று மட்டும் சொல்கிறது. அது நல்ல புத்தி. எந்த மாற்றத்துக்கும் பொருந்தும்.

அதையும் தாண்டி ஒன்று. அப்பா திறப்பைத் திருப்பியதும் எஸ்யூ பெற்றோல் பம்ப் 'டிக் டிக் டிக்' என்று வேகமாக அடித்து, கார்பரேற்றர் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். அது ஓய்ந்த பிறகுதான் ஸ்ராட்டரை இழுப்பார். நாங்கள் பின் சீற்றில் இருந்துகொண்டு அந்த 'டிக்'கை எண்ணுவோம். இதை ஒரு காரணமாக எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் மின்சாரத்தை வேண்டாம் என்றதில் இதற்கும் பங்கு உண்டு.

இத்தனையையும் போட்டு உருட்டிப் பார்த்தபோது, எந்த எஞ்சின் என்பதைவிட வேறொரு கேள்விதான் முன்னுக்கு நின்றது. பத்து வருடம் கழித்துக் கிரான்குளத்துக்குப் பக்கத்தில் கார் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவேன்? முழுப் புதுப்பிப்பென்றால் காக்கா வருவார், பத்து வருடத்துக்குப் பிறகு வருவாரா என்று அல்லாதான் அறிவான் என்று அவரே சொல்கிறார். மின்சாரமென்றால் மருமகன் வருவான், அதுவும் அவன் கட்டாருக்கோ கனடாவுக்கோ போகாமல் இருந்தால். சன்னி எஞ்சினென்றால் இப்போதைக்கு யாரும் வருவார்கள். ஆனால் சன்னியும் கிழடாகிறது. உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்குக்குப் பெற்றோல் தடையால் ஆபத்து, மின்சாரக் காரால் ஆபத்து என்கிறார்கள். இங்கே நான் கண்ட ஆபத்து, கார்பரேற்றரைக் கழுவிப் பூட்டத் தெரிந்தவர் நோய்வாய்ப்பட்டுப் படுத்தால் அடுத்த ஆள் இல்லை என்பதுதான்.

பொடியன்களுக்குப் பழைய வாகனத்தில் ஆசையில்லை என்று சொல்வதையும் நான் நம்பவில்லை. அவர்களுடைய பழசு வேறு, அவ்வளவுதான். 30 வருடக் கணக்கை எடுத்தால் 1990களின் டொல்பின் வேனெல்லாம் இப்போது பழைய வாகனம். மொறிஸைக் கண்டு திரும்பிப் பார்க்காத பையன், சுத்தமான டொல்பின் ஒன்று போனால் நின்று போனை எடுப்பான், படம் எடுத்து முடியும்வரை நகரமாட்டான். இருபது வருடத்தில் சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ யாராவது ஒருவர், வாப்பாவின் டொல்பினை என்ன செய்வது என்று இதேபோல் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்.

கடைசியில் நான் எடுத்த முடிவு நாலு பேருக்கும் முழுச் சந்தோஷம் தராதது. எஞ்சின் அதேதான். தம்பி அனுப்பும் காசு முதலில் கீழ்த்தகடுக்கும் பெட்டிகளுக்கும் போகிறது, பெயின்றுக்கு இல்லை; பூசுவது பழைய நிறத்தில் ஒரு கை, அவ்வளவுதான். சிலிண்டர் தலையைக் கழற்றி வால்வு உட்காரும் இடத்துக்குக் கெட்டி வளையம் போடக் கொடுத்தாயிற்று. 2002இல் ஈயப் பெற்றோல் நின்றதிலிருந்து இந்தப் பழைய எஞ்சின்களில் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் தலைக்குள் இறங்கிக்கொண்டே போகிறது. நாலாவது சிலிண்டரின் களைப்புக்கு அதுதான் காரணம் என்று காக்கா நினைக்கிறார். டைனமோவைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு அல்ரனேற்றர். அதற்காகப் பற்றரி வயரை நேர்மாறாக மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் காலத்து மொறிஸில் உடலுக்குப் போவது நேர் முனை. இதைக் கவனிக்காமல் புதுச் சாமானைக் கொழுவி எரித்தவர்கள் பலர். முன்பக்கத்துக்கு டிஸ்க் பிறேக் இங்கிலாந்திலிருந்து வருகிறது, ஆணியில் பூட்டுவது, வேண்டாமென்றால் கழற்றலாம். கதவுத் தூணிலிருந்து கை நீட்டும் பழைய சிக்னல் அப்படியே இருக்கிறது. அதோடு பம்பருக்கு மேலே சின்ன மஞ்சள் விளக்கும் வைத்தோம், ஏனென்றால் அந்தக் கை நீட்டலின் அர்த்தம் இன்றைக்கு முச்சக்கர வண்டிக்காரருக்குத் தெரியாது. கூரைப் பள்ளத்தை யாரும் தொடவில்லை.

கலியாணத்துக்கும் போகும், மாதத்துக்கு ஒன்று, கிட்டடியில் மட்டும். டயருக்கும் லைசன்ஸுக்கும் அதுவே காணும் என்று நினைக்கிறேன்.

மருமகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காக்கா வந்திருப்பது தெரிந்து, மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சும்மா பார்க்க வந்தவன்போல் கொட்டில் வாசலில் நின்றான். லேத்திலிருந்து வந்த தலையை அன்றைக்குத்தான் பூட்டி முடித்திருந்தார்கள். காக்கா அவனைத் திரும்பிப் பார்க்காமலே, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நீட்டினார். அதில் ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. "பன்னிரண்டு தௌ. எட்டு வால்வு இரிக்கி. எது முழுசா அமுங்கி நிக்கிதோ அத ஒம்பதுல இரிந்து கழி. வாறத நீ வை."

அவன் ஹான்டிலைச் சுற்றினான். முதலாவது அமுங்கியது, எட்டாவதை வைத்தான். மூன்றாவது அமுங்கியபோது யோசிக்காமலே ஆறாவதற்குக் கை போனது. ஐந்து என்றால் நாலு. இரண்டு என்றால் ஏழு. தகடு இடுக்குக்குள் வழுக்கிப் போகும்போது வெண்ணெயில் கத்திபோல் இருக்க வேண்டும், சும்மாவும் போகக்கூடாது, இழுக்கவும் கூடாது என்று காக்கா அவன் விரலைப் பிடித்துக் காட்டினார். ஒரு மணித்தியாலம் போனது. எட்டையும் முடித்துவிட்டுக் கையைத் துடைத்தபடி, "இந்த ஒம்பதுக் கணக்க யார் கண்டுபிடிச்ச?" என்று கேட்டான். காக்காவுக்கும் தெரியவில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படிச் சொன்னாராம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வருகிறான். மின்சாரத்தைக் கைவிட்டுவிட்டான் என்று நினைக்க வேண்டாம். போன கிழமை எஞ்சின் அறையின் நீளம், அகலம், ஆழம் எல்லாவற்றையும் நாடா பிடித்து அளந்து கொப்பியில் எழுதிக்கொண்டு போனான். நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது காக்காதான்.